யார் பெயரில் இருக்கிறது அந்தப் பணம்?

கடல் கடந்து பொருள் தேடப் புறப்படும் மகனுக்கு நம் குடும்பங்கள் செய்யும் ஆயத்தங்கள் பல. புதுப்பெட்டி வாங்குகின்றனர், ஊறுகாயும் பருப்புப் பொடியும் கட்டித் தருகின்றனர், திருப்பலிக் கருத்து எழுதிக் கொடுக்கின்றனர், முகவருக்குக் கொடுக்கவேண்டிய தொகைக்காகத் தாயின் நகையை அடகு வைக்கின்றனர். ஆனால், "இவன் ஈட்டப்போகும் பணம் எந்தக் கணக்கில், யார் பெயரில் வந்து சேரும்?" என்ற வினாவை அன்று எவரும் எழுப்புவதில்லை. "அப்பாவுக்குத்தான் கணக்கு இருக்கிறதே, அதில் போட்டுவிடட்டும்" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. பத்தாண்டு கழித்து அதே வினா வழக்கறிஞரின் அறிவிப்பைக் கையில் ஏந்திப் பங்குக் குருவின் இல்லத்து வாயிலில் வந்து நிற்கிறது. ஆகவேதான், ஆன்மீகக் கட்டுரையை எதிர்பார்த்து இப்பக்கத்தைப் புரட்டும் அன்புக் குடும்பத்தாருக்கு இம்முறை வங்கிக் கணக்கைப் பற்றி எழுதுகிறோம்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. பெயரும் ஊரும் வேண்டா. மூத்த மகன் வளைகுடா நாடொன்றில் பதினோர் ஆண்டுகள் மின்பணி செய்தார். திங்கள்தோறும் தந்தையின் கணக்கிற்கே பணம் அனுப்பினார். தங்கையின் திருமணம் அதில் நடந்தது. ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. எல்லாம் போக ஒன்பது இலட்சம் ரூபாய் தந்தையின் பெயரில் வைப்புத் தொகையாக இருந்தது. தந்தை மாரடைப்பால் இறந்தார். உயில் இல்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சிய இரு பங்கு மக்களுக்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் சமமாக. அக்குடும்பத்தில் மக்கள் மூவர். ஆக, தாய்க்கு 3 இலட்சம். மக்களுக்குத் தலைக்கு 2 இலட்சம். ஒன்பது இலட்சத்தையும் அனுப்பிவைத்த மூத்தவருக்குச் சட்டம் தருவது 2 இலட்சம்!

தம்பியும் தங்கையும் தீயவர் என்று எண்ணிவிட வேண்டா. தங்கைக்கு அவளது கணவர் வீட்டில் நெருக்கடி. தம்பிக்கு டிராக்டர் கடன். "அண்ணன் வீட்டுக்காகத்தானே அனுப்பினார்?" என்று அவர்கள் கேட்டது முற்றிலும் பொய்யன்று. அவர் பணம் அனுப்பினார் என்பதற்கு ஒவ்வொரு திங்களுக்கும் சான்று உண்டு. அதில் எவ்வளவு குடும்பச் செலவுக்கு, எவ்வளவு தமக்கெனச் சேமித்து வைக்க என்பதற்குத்தான் ஒரு துண்டுத் தாளும் இல்லை. பணத்திற்கு நினைவாற்றல் கிடையாது. எந்தப் பெயரில் கிடக்கிறதோ அந்தப் பெயரையே அது தன் தலைவனாக அறியும்.

சட்டத்தின் பார்வையில் அவர் யார்?

வெளிநாடு சென்றவரை அந்நாட்டு வங்கி அயல்நாட்டவர் என்கிறது, இதில் வியப்பில்லை. நம் நாட்டு வங்கியும் அவரை வேறொரு வகையினராகவே கருதுகிறது என்பதைத்தான் நம்மவருள் பலர் அறியார். 1999-இல் இயற்றப்பெற்று 2000 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வேலைக்கென நாட்டை விட்டுச் செல்பவர் அப்பொழுதிலிருந்தே "இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர்" ஆகிறார். வருமான வரிச் சட்டம் நாள்களை எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறது. செலாவணிச் சட்டமோ அவர் எதற்காகச் சென்றார் என்பதைப் பார்க்கிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, "ஆறு மாதம் ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர் பலர். அவ்வாறு இருத்தல் முறையன்று. ஊரில் அவர் வைத்திருந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கு அப்படியே தொடரலாகாது. வங்கிக்குத் தெரிவித்து அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடுகள் நேற்று முளைத்தவை அல்ல. ஒரு காலத்தில் வளைகுடாக் கரையில் நம் ரூபாயே நாணயமாக வழங்கியது. அப்பகுதிக்கென்றே இந்திய ரிசர்வ் வங்கி 1959-இல் தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. 1966-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதை ஒட்டி அது அங்கே பெரும்பாலும் மறைந்தது. கீழைக்கடல் நாடுகளுக்கோ நம்மவர் அதற்கு நெடுங்காலம் முன்பே சென்றனர். அவர்களது கொடுக்கல் வாங்கலை மனத்திற்கொண்டே மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். பின்னர் 1970-இல் வெளிநாடுவாழ் இந்தியருக்கென என்.ஆர்.இ. கணக்கு ஏற்பட்டது. 1973-இல் எண்ணெய் விலை ஏறி, பாலைவனத்தில் நகரங்கள் எழத் தொடங்கியபோது அங்கே உழைக்கச் சென்றவர்களுக்கு அக்கணக்கு ஆயத்தமாக இருந்தது. வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டு இஸ்லாமியச் சகோதரர்களைக் கேட்டால் இவற்றை நம்மைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. எனும் இவ்விரு கணக்குகளின் பெயர்கள் ஓரெழுத்து வேறுபாட்டோடு இருப்பதால் நம் மக்கள் மருளுகின்றனர். இரண்டு குதிர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் கடல் கடந்து வந்த தானியம். மற்றதில் உள்ளூரில் விளைந்த தானியம். வெளிநாட்டில் ஈட்டிய ஊதியத்தைப் போட்டு வைப்பது என்.ஆர்.இ. கணக்கு. அதிலுள்ள முதலையும் வட்டியையும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டிற்குத் திரும்ப எடுத்துச் செல்லலாம். அயலகத்தில் வசிப்பவராக இருக்கும் வரை அந்த வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஊரிலுள்ள வீட்டு வாடகை, பருத்தி, மக்காச்சோளம் விற்ற பணம், நிலக் குத்தகை ஆகியவை சேரவேண்டிய இடம் என்.ஆர்.ஓ. கணக்கு. இதன் வட்டிக்கு வரி உண்டு. நூற்றுக்கு 30 வீதமும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் வங்கியே பிடித்துக்கொண்டுதான் எஞ்சியதை வரவு வைக்கும். முதற் குதிரிலிருந்து இரண்டாவதற்குத் தாராளமாக அள்ளிப் போடலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு மாற்ற வேண்டுமாயின் படிவங்களும், தொகையைப் பொறுத்துக் கணக்காயர் சான்றும் தேவைப்படும். ஆண்டுக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் என்ற வரம்பும் உண்டு. (அவ்வரம்பைத் தொடும் கவலை நம் பங்குகளில் எவருக்கும் வரப்போவதில்லை!) ஊரில் கையில் கிடைக்கும் ரூபாய்த் தாளை என்.ஆர்.இ. கணக்கில் கட்ட முடியாது. என்.ஆர்.இ. வைப்புத் தொகைக்கு ஓராண்டே குறைந்த கால அளவு. அதற்கு முன் எடுத்தால் வட்டியே இல்லை என்பதையும் மறவாதீர்.

மேற்சொன்ன குடும்பத்து மூத்த மகன், தந்தையின் கணக்கிற்குப் பதிலாகத் தம் பெயரில் ஓர் என்.ஆர்.இ. கணக்கைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீட்டுச் செலவுக்கு வேண்டியதை அதிலிருந்து திங்கள்தோறும் தந்தைக்கு மாற்றியிருப்பார். எஞ்சியது அவர் பெயரிலேயே வளர்ந்திருக்கும். தந்தையின் மறைவுக்குப் பின் அக்குடும்பம் ஒன்றாக அமர்ந்து அழுதிருக்கும், அவ்வளவே.

புறப்படும் முன்னரே இதைச் செய்யலாமா எனச் சிலர் வினவுகின்றனர். விசா கையில் கிடைத்தவுடன் விண்ணப்பத்தை ஏற்கும் வங்கிகள் உண்டு. சென்ற பின் அனுப்புவதாயின் கடவுச்சீட்டு, விசா அல்லது குடியிருப்பு அட்டை, அங்குள்ள முகவரிக்கான சான்று, நிழற்படம், வருமான வரித்துறையின் பான் எண் ஆகியவை வேண்டும். நகல்களில் இந்தியத் தூதரகமோ, அங்குள்ள நோட்டரியோ, வங்கி ஏற்கும் அலுவலரோ சான்றொப்பம் இடவேண்டும். ஊரில் இருக்கும்போது ஒரு காலைப்பொழுதில் முடியும் வேலை, அங்கிருந்து செய்தால் ஒரு நாள் ஊதியத்தைத் தின்றுவிடும். முகவர்கள் இதை ஒருபோதும் எடுத்துச் சொல்வதில்லை. இதில் அவர்களுக்குத் தரகு இல்லை.

மனைவியின் பெயர்

இனி, நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கணவர் அயல்நாட்டில்; மனைவி மாமனார் வீட்டில். பால் கணக்குக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் அப்பெண் மாமனாரிடமோ கொழுந்தனாரிடமோ கை நீட்டவேண்டியிருக்கிறது. கணவர் எவ்வளவு அனுப்புகிறார் என்பதையே அறியாத மனைவியரை நாம் சந்தித்திருக்கிறோம். திருமணத் திருவருட்சாதனத்தில் இருவரும் ஓருடல் என்று சொல்லிவிட்டு, வங்கியில் மட்டும் அவளை அந்நியராக்குவது எவ்வகையில் நியாயம்? சட்டம் இங்கே தடையாக இல்லை. இந்தியாவில் வசிக்கும் நெருங்கிய உறவினரை, அதாவது மனைவியையோ பெற்றோரையோ, என்.ஆர்.இ. கணக்கில் "முதலாமவர் அல்லது எஞ்சியவர்" என்ற முறையில் கூட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். கணவர் உயிரோடிருக்கும் வரை கணக்கு அவருடையது. அவர் அதிகாரம் எழுதிக்கொடுத்தால் மனைவி ஊர்ச் செலவுகளுக்கு அதிலிருந்து எடுக்கலாம். அவ்வதிகாரத்தைக் கொண்டு அவர் புதுக் கணக்குத் திறக்கவோ, பிறருக்கு நன்கொடையாக மாற்றவோ இயலாது. ஆகவே, பெற்றோர் அஞ்சுவதற்கும் ஒன்றுமில்லை.

நியமனதாரர் என்பவரைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. "நாமினி போட்டிருக்கிறது, பணம் எனக்குத்தான்" என்று நம்புகின்றனர். நியமனதாரர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமையுடையவர். பெற்றதை வாரிசுகளுக்குரிய பங்குப்படி ஒப்படைக்கவேண்டிய பொறுப்பும் அவருடையது. திருமணத்திற்கு முன் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிவிட்டு, மூன்று குழந்தைகள் பிறந்த பின்னும் மாற்றாதிருப்பவர் உண்டு. 2025 நவம்பர் முதல் ஒரே கணக்கிற்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என விதி வந்திருக்கிறது. மனைவியா தாயா என்ற வீட்டுச் சண்டைக்கு இவ்விதி ஓரளவு மருந்தாகலாம்.

நிலம் வாங்கும் ஆசையும் இங்கேதான் குறுக்கிடுகிறது. நம் பக்கத்து மனிதனுக்குக் கையில் நாலு காசு சேர்ந்தால் கண் முதலில் போவது வயல்மீதுதான். அரியலூர்ப் பக்கமாயின் முந்திரித் தோப்பின்மீது. ஆனால், அயலகத்தில் வசிக்கும் இந்தியர் விளைநிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்கச் சட்டம் இடந்தரவில்லை. மனை வாங்கலாம், வீடு வாங்கலாம். முன்னரே தமக்கிருந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெறலாம். இதை அறியாமலோ, அறிந்தே சுற்றி வளைத்தோ, தந்தையின் பெயரிலும் தமையனின் பெயரிலும் நிலம் வாங்குகின்றனர். பணத்திற்கு நேர்ந்த கதையே பின்னர் நிலத்திற்கும் நேர்கிறது. ஊரில் வாழும் மனைவிக்குப் பணத்தைக் கொடையாகக் கொடுத்து, அவர் தம் பெயரில் வாங்கிக்கொள்வது ஒரு வழி. அந்நிலம் மனைவியுடையதே என்று உளமார ஏற்பவர் மட்டும் அவ்வழி செல்க.

அங்கே திறக்கும் கணக்கு

இக்கரைக் கணக்கு இவ்வாறாக, அக்கரையில் நிலைமை என்ன? ஐக்கிய அரபு அமீரகத்தில் 2009 முதல், சவூதியில் 2013 முதல், கத்தாரில் 2015 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை நடைமுறைக்கு வந்தது. தொழிலாளரின் சம்பளத்தை வங்கி வழியாகவோ, அனுமதி பெற்ற நிறுவனம் வழியாகவோ செலுத்தி, அரசுக்குத் தெரியும்படி கணக்குக் காட்டவேண்டும் என்பது அதன் சாரம். மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்று முறையிடச் செல்பவருக்கு இதுவே சாட்சி. ஆனால், குறைந்த ஊதியம் பெறும் பலருக்குத் தரப்படுவது வங்கிக் கணக்கன்று, சம்பள அட்டை மட்டுமே. அதில் வரும் பணத்தை எடுக்கலாம், அனுப்பலாம். சேமிப்புக்கு அது ஏற்றதன்று. தம் பெயரில் கணக்குத் திறக்கக் குடியிருப்பு அட்டை வேண்டும். பல வங்கிகள் குறைந்த அளவு ஊதியத்தையும் நிறுவனத்தின் கடிதத்தையும் கேட்கும். குறைந்த இருப்பு இல்லையெனில் மாதக் கட்டணம் பிடிப்பர். திறக்கும்போதே அதைக் கேட்டுத் தெளிக.

அங்குள்ள கணக்கிற்கு "ஐபான்" என்ற நீண்ட எண் உண்டு: அமீரகத்தில் 23 எழுத்தும் எண்ணும், சவூதியில் 24, குவைத்தில் 30. நம் நாட்டில் அம்முறை இல்லை. கணக்கு எண்ணும், கிளையைக் குறிக்கும் 11 இடங்கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுமே இங்கே வழக்கு. "உங்கள் ஐபானைத் தாருங்கள்" என்று மகன் அங்கிருந்து கேட்க, தாய் இங்கே வங்கிக்கு நடையாய் நடந்த கதையும் உண்டு.

சிங்கப்பூர் சென்றோருக்கு 2023 பிப்ரவரியில் ஒரு வசதி பிறந்தது. அந்நாட்டின் பேநவ் முறையும் நம் யு.பி.ஐ. முறையும் இணைக்கப்பட்டு, கைபேசி வழியே சிறு தொகைகளை நொடியில் அனுப்ப வழி திறந்தது. நல்லதே. ஆனால், தாய்க்கு அனுப்பும் மருந்துச் செலவுக்கு அது ஏற்றது. ஆண்டுக்கணக்கான சேமிப்பையும் அவ்வழியே பிறர் கணக்கில் கொட்டினால் பழைய கதைதான்.

இனி உண்டியலைப் பற்றி. காணிக்கைப் பெட்டிக்கு நாம் வழங்கும் அச்சொல், ஒரு காலத்தில் நகரத்தார் வணிகத்தில் மதிப்புமிக்க பணச் சீட்டைக் குறித்தது. இன்றோ கள்ளவழிப் பணத்திற்குப் பெயராயிற்று. "வங்கியைவிட ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது, வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறார்கள்" என்பர். அவ்வாறு வந்த பணம் வெளிநாட்டில் உழைத்து ஈட்டியது என்பதற்கு எந்தச் சான்றும் இராது. என்.ஆர்.இ. கணக்கில் அதைப் போட முடியாது. வீடு கட்டும்போது வரித்துறை கேட்டால் விடை சொல்ல முடியாது. கொண்டுவந்தவன் ஏமாற்றினால் காவல் நிலையம் செல்லவும் முடியாது. செலாவணிச் சட்டப்படி அது குற்றம் என்பதைத் தனியே சொல்லவேண்டியதில்லை.

அதனினும் கொடிது கணக்கை வாடகைக்கு விடுதல். அறைத்தோழரோ அறிமுகமானவரோ, "உன் அட்டையை ஒரு மாதம் கொடு, இவ்வளவு தருகிறேன்" என்பார். அக்கணக்கின் வழியே யாரோ ஒரு முதியவரை ஏமாற்றிய பணம் ஓடும். காவலர் வந்து தேடுவது கணக்குக்கு உரியவரையே. சிங்கப்பூர் 2023-இல் தன் சட்டத்தை இதற்கென்றே கடுமையாக்கியது. அட்டையும் இரகசிய எண்ணும் மேற்பார்வையாளரிடம்கூடக் கொடுத்து வைக்கத் தக்கவை அல்ல.

அங்கே கடன் எளிதில் கிடைக்கும். சம்பளச் சான்று போதும். கடன் வாங்கும்போது தேதியிடாத காசோலையில் கையொப்பம் கேட்பது அங்கு வழக்கமாக இருந்தது. பணமின்றித் திரும்பிய காசோலைக்காக அமீரகத்தில் சிறை சென்றோர் பலர். 2022 ஜனவரியில் அந்நாடு அச்சட்டத்தைப் பெரிதும் தளர்த்தியது எனினும், கடன் தீராமல் நாடு விட்டு நாடு செல்லத் தடை விதிக்கும் உரிமை நீங்கிவிடவில்லை.

இடையே ஒரு சொல். வங்கிச் சாளரத்தில் அயல்நாட்டவராக நிற்பதன் கூச்சத்தை நம் பிள்ளைகள் அங்கிருந்து எழுதுகின்றனர். மொழி தெரியாது, படிவம் புரியாது, பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். அதே கூச்சத்தோடு நம் பெரம்பலூரிலேயே சிலர் நிற்கின்றனர். துறைமங்கலம் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களைச் சொல்கிறோம். நம் மொழி பேசுவோர். அவர்தம் பிள்ளைகளுட் சிலர் இம்மண்ணிலேயே பிறந்தோர். ஆயினும் சட்டத்தின் ஏட்டில் அயலவர். அவர்கள் வரிசையில் நிற்கையில் படிவம் நிரப்ப உதவுவது, வங்கியில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர்களால் இயலாத காரியமா?

திரும்பி வருவோர்க்கும் சில சொல்லவேண்டும். விசா இரத்தாகும் முன்பே அங்குள்ள வங்கிக்குச் சென்று, கடன் அட்டை முதலியவற்றின் பாக்கியைத் தீர்த்து, பாக்கியில்லை என்ற கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த செய்தி தெரிந்ததும், கடன் உள்ள கணக்கை வங்கி முடக்கி வைப்பதுண்டு. அதேவேளையில், பணிமுடிவுக் கொடை அந்தக் கணக்கிற்கே வரவேண்டியிருப்பின், அது வந்து சேருமுன் கணக்கை மூடிவிடலாகாது. ஊர் வந்ததும், நிலையாகத் தங்க வந்துவிட்ட செய்தியை இங்குள்ள வங்கிக்குத் தெரிவித்து, என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்றச் செய்யவேண்டும். வைப்புத் தொகை அதன் காலம் முடியும் வரை ஒத்துக்கொண்ட வட்டியோடே தொடரும். வரிவிலக்கு மட்டும் தொடராது. வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்க விரும்புவோர்க்கு ஆர்.எஃப்.சி. என்றொரு கணக்கும் உண்டு.

புறப்படுமுன் வைத்திருந்த பழைய பாஸ் புத்தகம் ஏதேனும் அலமாரி அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஈராண்டு கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்குச் செயலற்றதாகும். பத்தாண்டு கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குச் சென்றுவிடும். அப்போதும் உரியவர் கேட்டுப் பெறலாம். அவ்வாறு கிடக்கும் தொகைகளைத் தேடிக் காண 2023-இல் ரிசர்வ் வங்கி "உத்கம்" என்னும் இணைய வசதியை ஏற்படுத்தியது. பெயரும் பிறந்த தேதியும் தெரிந்த பள்ளிப் பிள்ளை ஒருவரை உடன் அமர்த்திக்கொண்டால் அரைமணி நேர வேலை அது.